கிச்சின் சாப்பிடச் சொன்ன ஸ்ரெல்லாவுக்கு

என்ரை ஆசை ஸ்ரெல்லா,

இண்டைக்குக் காலமை கடல் பால் மாதிரிக் கிடந்தது. காத்தில்லை, அலையில்லை. வானம் எது, தண்ணி எது எண்டு பிரிச்சறிய ஏலாமல் இருந்தது. நீர் செத்து ஒண்டரை வருசம். ஆனா நீர் இருக்கிறீரோ இல்லையோ எண்டதையும் அப்பிடித்தான், என்னாலை பிரிச்சறிய முடியேல்லை. கூப்பிடுவீர் எண்டு ரெண்டு தரம் திரும்பிப் பார்த்தன்.

நாப்பத்தைஞ்சு வயசிலை உமக்கு இங்கிலீசு ஆசை வந்தது. குருநகரிலை மீன் வித்துக்கொண்டே, பிஸ்கற் பெட்டியிலையும் மருந்துப் போத்திலிலையும் சொல்லுப் பொறுக்குவீர். கருத்தைப் பள்ளிக்கூடப் பிள்ளையளிட்டைக் கேட்டு, அண்டைக்கே பாவிச்சும் போடுவீர். "இஞ்சாருங்கோ, மழை சடன்லி வந்திட்டுது!" ஏன் உந்த வேலை எண்டு கேட்டதுக்கு, "சொல்லு வாயிலை இனிக்குதப்பா" எண்டீர். சனம் 'வெள்ளைக்காறி' எண்டு பட்டம் வைச்சது. ஆரும் அப்பிடிக் கூப்பிட்டால், "யெஸ்" எண்டு திரும்பிப் பார்ப்பீர்.

பிறகு என்ரை தங்கச்சியின்ரை மகளுக்குக் கலியாணம். லண்டனிலை இருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குக் கோழிக்கறியை நீட்டி, "ஈற் மோர் கிச்சின்" எண்டு சொன்னீர். சிக்கின், கிச்சினாப் போச்சுது. பந்தலே சிரிச்சது. நீரும் சிரிச்சீர். எனக்குத்தான் முகம் எரிஞ்சது.

"வாயைப் பொத்திக்கொண்டு இரும்! மானம் போகுது" எண்டு அத்தனை பேருக்கும் முன்னாலை கத்தினன்.

"ஆரின்ரை மானமப்பா?" எண்டு மட்டும் கேட்டீர்.

அதுக்குப் பிறகும் சந்தையிலை கதைச்சீர். ஆனா வாசலிலை செருப்போடை அந்தச் சொல்லுகளையும் கழட்டி வைச்சிட்டு வந்தீர். எனக்கு ஒரு சொல்லும் கொண்டு வரேல்லை. ஏன் கொண்டு வரேல்லை எண்டு நானும் கேக்கேல்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்?

போன கிழமை நாங்கள் கரையிலை கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டு இருக்கேக்கை, ஒரு வெள்ளைக்காரப் புருசன் பெண்சாதி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்திச்சினம். ரயருக்குக் காத்தில்லை. என்னவோ கேட்டினம். எல்லாரும் வலைக்குள்ளை தலையைக் குனிஞ்சிட்டாங்கள். "பேசாமல் இரு, பிழைச்சால் வெக்கம்" எண்டு பக்கத்திலை வலை பொத்தின அன்ரன் என்ரை சாரத்தைப் பிடிச்சு இழுத்தான்.

என்ன நடந்ததெண்டு தெரியாது, நான் எழும்பிட்டன். "கம். சைக்கிள் டொக்ரர். மீ கோ, யூ கோ." பின்னாலை எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்கள். முகம் எரியும் எண்டு பார்த்துக்கொண்டு நடந்தன். எரியேல்லை, ஸ்ரெல்லா. கனவிலை நடக்கிற மாதிரிக் கால் லேசாக் கிடந்தது.

ரயர் ஒட்டுற கடையிலை அந்த வெள்ளைக்கார மனிசி, இங்கிலீசு ஆர் படிப்பிச்சது எண்டு கேட்டாள். "மை வைஃப்" எண்டன். எங்கை அவ எண்டாள். "மார்க்கெற்" எண்டிட்டன். அந்த நேரம் நீர் அங்கைதானே நிப்பீர்?

இனிச் சனத்துக்குப் பயந்து வாய் மூடமாட்டன். பிழையெண்டாலும் உரத்துச் சொல்லுவன். ஒரு இங்கிலீசுச் சொல்லு இந்தக் கரையிலை எல்லாருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உமக்குத்தான் நான் அதைச் சொல்லேல்லை. வாற ஞாயிறு பூசை முடிஞ்சு சனமெல்லாம் நிக்கேக்கை, உம்மடை கல்லறையடியிலை அத்தனை பேருக்கும் கேக்கச் சொல்லுவன்.

சொறி, ஸ்ரெல்லா.

உம்மடை மனிசன்,
பாக்கியநாதன்