நான் கழற்றிய பல்பு

அண்ணே,

கண்ணில் விடுகிற சொட்டு மருந்து தொண்டையில் போய்க் கசக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தஞ்சாவூரில் கண்புரை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்து இன்றோடு நான்கு நாள். உங்கள் மகள் கவிதாதான் வேளை தவறாமல் வந்து மருந்து விடுகிறாள். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள். இதற்கு நடுவில் இந்தக் கிழவனுக்குப் பணிவிடை வேறு.

இன்று மதியம் மருந்து பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னாள்: "எங்க அப்பாவும் அப்பவே இந்த ஆபரேஷனப் பண்ணியிருந்தா, எங்க அம்மா இருந்திருப்பாங்கல்ல சித்தப்பா?"

சாதாரணமாகத்தான் சொன்னாள். மழை பெய்திருந்தால் பயிர் பிழைத்திருக்கும் என்று சொல்வோமே, அந்த மாதிரி. நான் மூடிய கண்ணைத் திறக்காமல் "ம்" என்றேன். அவள் போன பிறகு அந்த "ம்" என்னைச் சும்மா இருக்க விடவில்லை. ஒரு வாரத்துக்கு எழுதாதே, படிக்காதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் செய்திருப்பவற்றோடு பார்த்தால் அவர் பேச்சை மீறுவது ஒரு தப்பே இல்லை.

அண்ணே, உங்கள் கண் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு நீங்கள் சரியாகத்தான் பார்த்தீர்கள்.

உங்கள் வயலும் என் வயலும் ஒரே வரப்பை ஒட்டியவை. சம்பாப் பயிர் கதிர் தள்ளுகிற நேரத்தில் எலி இறங்கி வெட்டும். நீங்கள் மூங்கில் கிட்டிப் பொறி வைப்பீர்கள். பொழுது சாய நாற்பது ஐம்பது கிட்டியைச் சுமந்துகொண்டு போய் வரப்போரம் நட்டுவிட்டு, விடிந்ததும் எடுத்து வருவீர்கள். எனக்கு அந்தப் பொறுமை ஏது? நாலு பேரைப் போல நானும் பம்ப்செட்டிலிருந்து கரண்ட் இழுத்து, வயலைச் சுற்றி ஒரு சாண் உயரத்தில் கம்பி கட்டினேன். "கிட்டி வைடா தம்பி. கிட்டியில எலி மட்டுந்தான் சாவும்" என்றீர்கள். நான் சிரித்தேன். சட்டப்படி தப்பு என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். எல்லோரும் செய்கிற தப்பு என்பதால் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

கம்பி கட்டுகிறவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. மோட்டார் கொட்டகையின் இறவாரத்தில் ஒரு குண்டு பல்பு தொங்கும். அதுவும் கம்பியும் ஒரே சுவிட்சில். பல்பு எரிந்தால் கம்பியில் கரண்ட் இருக்கிறது, யாரும் வயலில் கால் வைக்கக் கூடாது. எரியாவிட்டால் தாராளமாக இறங்கலாம். பள்ளிக்கூடம் போகாத கிழவிகளுக்குக்கூட இது மனப்பாடம். அந்த ஒரு பல்பை நம்பித்தான் இத்தனை வயலில் இத்தனை பேர் நடமாடினார்கள்.

அது மார்கழி மாதம். என் பசு தலைச்சன் கன்றுக்கு வலியெடுத்து நின்றது. சாயங்காலம் பார்த்தால் மாட்டுக் கொட்டகை பல்பு பியூஸ் போயிருந்தது. புதுசு வாங்க நீடாமங்கலம் போக வேண்டும். பசுவை விட்டுவிட்டுப் போக மனசில்லை. வயலுக்குப் போனேன். கம்பிக்கு சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் இறவாரத்து பல்பைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டேன். ஒரு ராத்திரிதானே, விடிகாலையில் நானே வந்து சுவிட்சை அணைத்துவிடப் போகிறேன், அதற்குள் யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவுதான் அண்ணே நான் யோசித்தது. ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்கூட யோசிக்கவில்லை.

விடியும்போது கன்றின் முன்னங்கால் மட்டும் வெளியே வந்து தலை மாட்டிக்கொண்டது. கையை விட்டுத் திருப்பி இழுத்துக்கொண்டிருந்தேன். வயல் ஞாபகமே இல்லை. கன்று கீழே விழுந்து மூச்சு விட்டதும் சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடுதான் உங்கள் கூச்சலைக் கேட்டேன்.

நடந்ததைப் பிற்பாடு நீங்கள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் வயலுக்குத் தண்ணீர் வைக்க வாமடை திறக்க வேண்டும். வாமடை இருப்பது நம் பொது வரப்பில். மல்லிகா அண்ணி மண்வெட்டியோடு முன்னால் போனார்கள். நீங்கள் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தீர்கள். பனி இறங்கிக் கிடந்தது. அண்ணி வரப்பில் நின்று, "ஏங்க, பல்பு எரியுதான்னு பாருங்க" என்றார்கள். நீங்கள் பார்த்தீர்கள். "எரியல, எறங்கு" என்றீர்கள்.

நான் ஓடி வந்தபோது நீங்கள் பியூஸ் கட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சேற்றில் உட்கார்ந்து அண்ணியை மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். என் கையெல்லாம் பசுவின் ரத்தம். பார்த்தவர்கள் அது அண்ணியுடையது என்று நினைத்தார்கள். வேன் வந்தது, அண்ணியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நீங்கள் ஏறினீர்கள். கூட்டம் வேனுக்குப் பின்னால் ஓடியது.

நான் வீட்டுக்கு ஓடினேன். நனைந்து கிடந்த கன்றைத் தாண்டிப் போய், மாட்டுக் கொட்டகையில் எரிந்துகொண்டிருந்த அந்த பல்பைத் துண்டால் பிடித்துக் கழற்றினேன். வயலுக்கு வந்து இறவாரத்தில் திருகினேன். துண்டையும் தாண்டி விரலைச் சுட்டது. கொப்புளம் கூட வந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

மறதியில் செய்ததற்கு நான் அழுதிருக்கிறேன். இதை மறதியில் செய்யவில்லை.

போலீஸ் வந்தது. கம்பி என்னுடையது, காலையில் அணைக்க மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் வயலுக்குள் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, பியூஸ் கட்டையைச் செருகச் சொன்னார். பல்பு எரிந்தது. உங்கள் பக்கம் திரும்பினார்.

"எரியலன்னு சொன்னே? நல்லாத்தானேய்யா எரியுது?"

ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணியின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே வந்திருந்தீர்கள். பல்பைப் பார்த்தீர்கள். கண்ணைக் கசக்கினீர்கள். மறுபடி பார்த்தீர்கள். "பனியா இருந்துச்சுங்க… கண்ணும் கொஞ்ச நாளா மங்கலாத்தான்…" என்று இழுத்தீர்கள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் உங்களிடமிருந்து மூன்று அடி தூரத்தில் நின்றேன். வாயைத் திறந்திருக்கலாம்.

நாற்பது நாள் உள்ளே இருந்தேன். கோர்ட்டில் நீங்கள் கூண்டில் ஏறி, "பல்பு எரிஞ்சுதுங்க. நாந்தான் சரியாப் பார்க்கல. அந்தத் தம்பி மேல தப்பில்ல" என்றீர்கள். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனே அப்படிச் சொல்லும்போது கோர்ட் என்ன செய்யும்? சொற்பத் தண்டனையோடு வெளியே வந்தேன். ஊரே உங்களைப் பெரிய மனசுக்காரர் என்றது. உங்கள் முதுகுக்குப் பின்னால் அதே ஊர், குருடன் பேச்சைக் கேட்டு மகராசி போய்ச் சேர்ந்தாள் என்றும் பேசியது.

ஊர் பேசியதைவிட கவிதா பேசியதுதான் உங்களை முறித்தது. அப்போது அவள் காலேஜில் படித்தாள். காரியம் முடிந்த அன்று எல்லார் முன்னாலும் கேட்டாள்: "ஏம்ப்பா, எரியிற பல்புகூடவா ஒங்க கண்ணுக்குத் தெரியல?" அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் உங்களை அப்பா என்று அவள் கூப்பிடவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் தரவில்லை. என்னைப் பார்த்தால் "வாங்க சித்தப்பா" என்பாள்.

ஜெயிலிலிருந்து வந்த அன்றே கம்பியை அறுத்துப் போட்டேன். பசுவையும் கன்றையும் அந்த வாரமே கண்காணாமல் அனுப்பிவிட்டேன். உங்களைத் தினமும் வரப்பில் பார்ப்பதிலிருந்து மட்டும் தப்ப வழியில்லை. அப்போதெல்லாம் உங்கள் பார்வை தெளிவாகத்தான் இருந்தது. தூரத்துப் பஸ்ஸின் போர்டைப் படிப்பீர்கள். ஆனாலும் உங்கள் கண்ணை நீங்கள் நம்பவில்லை. தெரிந்த மனிதரையும் கிட்டே போய்த் தொட்டுப் பார்த்துத்தான் பேசினீர்கள். புரை உண்மையிலேயே வந்தது அதற்கு ரொம்ப வருஷம் கழித்து. ஆபரேஷனுக்கு நான்தான் கூப்பிட்டேன். "எதுக்குடா? இனிமே யாருக்குப் பாத்துச் சொல்லணும்?" என்றீர்கள். அதன்பின் நான் கூப்பிடவில்லை.

சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பாத மாதம் இல்லை. உங்கள் வாசல் வரை வருவேன். கவிதா காபி கொண்டுவந்து வைப்பாள். குடித்துவிட்டு உரம் பற்றிப் பேசிவிட்டுத் திரும்புவேன். பயம்தான் அண்ணே, வேறு எந்தப் பெயரும் அதற்கு வைக்க மாட்டேன். இப்போது இதை எழுதிக் கவிதாவிடம் கொடுக்கப் போகிறேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. ஆனால் இதே கடிதத்தை இதற்கு முன்னால் மூன்று தடவை எழுதிக் கிழித்தவன் நான். அவளுக்குப் போய்ச் சேர வேண்டியது அவள் அப்பா. அந்த அப்பாவைத்தான் நான் இன்னும் பிடித்து வைத்திருக்கிறேன்.

போன வருஷம் நீங்கள் கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டீர்கள். மத்தியான நேரம். கண் இரண்டும் அநேகமாகப் போயிருந்தது. இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கவிதா கஞ்சி டம்ளரோடு தலைமாட்டில் நின்றாள். நான் ஆரம்பிப்பதற்குள் நீங்கள் ஆரம்பித்துவிட்டீர்கள்.

"தம்பி, எங் கண்ணால நீ ஜெயிலுக்குப் போனே. ஒம்பேரு கெட்டுச்சு. அத மனசுல வச்சுக்காதடா. மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடு, நான் போயிடுறேன்."

நான் கவிதாவைப் பார்த்தேன். அவள், சொல்லிவிடுங்கள் என்பதுபோல் எனக்குத் தலையசைத்தாள்.

"மன்னிச்சுட்டேண்ணே" என்றேன்.

நீங்கள் மெதுவாகக் கையைத் தூக்கிக் கும்பிட்டீர்கள். நான் நின்ற பக்கம் தெரியாமல், வெறும் சுவரைப் பார்த்துக் கும்பிட்டீர்கள். நான் இரண்டடி நகர்ந்து போய் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டேன்.