முதலில் சிரிப்பவள்

மாணவியர் விடுதி
12 ஜூலை 2024

அன்புள்ள பிரியா,
நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன! விடுதியில் போன் கூடாது என்பதால் உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் ‘ஆலாசி’ பதினேழு இடத்தில் வருகிறது. கனடா பள்ளியின் ஆன்லைன் வகுப்பில் வடதுருவப் பனியில் வாழும் இன்யூட் மக்களைப் பற்றிப் படிக்கிறாய், சரி. நாய்வண்டியைப் படி, சீல் தோல் செருப்பைப் படி. கூடப் படிக்கும் அந்த இன்யூட் பெண் ஆலாசியிடம், நீ என்னைத் ‘தவக்களை’ என்று கூப்பிடுவதை ஏன் சொன்னாய்? உங்கள் பட்டுத்தறியில் சேலைக் கரைக்கு ஊடைநூல் நாடாவைத் தள்ளிவிட இரண்டு வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்தவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.
கமலாட்சி

பெரிய காஞ்சிபுரம்
3 ஆகஸ்ட்

பொறாமை பிடித்த கமலிக்கு,
இன்யூட் பெண்கள் இருவர் எதிரெதிரே நின்று, கைகளைப் பிடித்துக்கொண்டு, தொண்டையாலேயே பாடுவார்கள். ஒருத்தி மூச்சு விடும் இடத்தில் மற்றவள் சத்தம் நுழைய வேண்டும். முதலில் சிரிப்பவள் தோற்றாள். ஆலாசி கற்றுக்கொடுத்தாள். நான் பழகும்போது அம்மா ஓடிவந்து, “இன்னாமா, தொண்டையில எதுனா மாட்டிக்கினு இருக்குதா?” என்றார். இணையத்தில் சத்தம் தாமதமாக வருவதால் ஆலாசியோடு பாட முடியாது. நேரில் ஒருத்தியோடு பாடிப் பதிவு செய்தால்தான் மார்க். ஆயுதபூஜை விடுமுறைக்கு வருவாய் அல்லவா? எதிரே நின்று பாடும் இடத்தை உனக்காக வைத்திருக்கிறேன்.
உன் பிரியா

விடுதி
20 செப்டம்பர்

பிரியதர்ஷினி அவர்களுக்கு,
ஆலாசியோடு முடியவில்லை என்றதும் என் ஞாபகம் வந்ததா? விடுமுறைக்கு வேலூர் சித்தி வீட்டுக்குப் போகிறேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்.
இப்படிக்கு,
ச. கமலாட்சி

பெரிய காஞ்சிபுரம்
16 அக்டோபர்

கமலி,
சனிக்கிழமை வரை காத்திருந்தேன். பிறகு எதிர்வீட்டு நதியாவோடு பாடினேன். ஒரு பிசகும் இல்லை, முழு மார்க். பதிவைப் பார்த்த ஆலாசி, “ஏன் யாருமே சிரிக்கவில்லை? நாங்கள் சிரிக்கத்தானே பாடுவோம்?” என்று கேட்டாள். தவக்களை விஷயத்துக்கு மன்னித்துவிடு.
பிரியா

விடுதி
21 அக்டோபர்

அடி பிரியா,
வேலூரில் நான்கு நாளும் கண்ணாடி முன் நின்று, நீ எழுதியபடி தொண்டையைக் கிழித்துக்கொண்டேன். சித்தி பயந்துபோய்க் கஷாயம் போட்டுக் கொடுத்தார். ஆலாசியை மன்னித்துவிட்டேன். அவள் எங்கேயோ பனியில் இருக்கிறாள், இருந்துவிட்டுப் போகட்டும். இந்த நதியாவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தீபாவளிக்கு முதல் பஸ்ஸில் வருகிறேன். மார்க் வேண்டாம், பதிவு வேண்டாம். தோற்கத்தான் வருகிறேன். எதிர்வீடு தெரியாதபடி வாசல் கதவை மட்டும் சாத்தி வை.
உன் தவக்களை