கால் பிந்தவில்லை

பிப்ரவரி 11, 2013. திங்கள்

இன்று பதினொரு பேருக்குப் பல் சுத்தம் செய்தேன். முதுகு விட்டுப்போகிறது. வீட்டுக்கு வந்தால் வாசலில் ஸ்ட்ரௌட்டின் வண்டி, பின்கண்ணாடியில் ராணுவத்தின் அந்தப் பச்சைத் தொப்பிச் சிறப்புப் படையின் சின்னத்தோடு.

உள்ளே ரோலண்ட் ஸ்ட்ரௌட் சோபாவில் அகலமாக உட்கார்ந்திருந்தான். எதிரே என் தம்பி வெண்டல், மடியில் அந்த வலது கையை வைத்துக்கொண்டு. மாணவனை நலம் விசாரிக்க வந்தானாம். "கத்தி வந்த நேரத்துல உன் இடது கால் அரை நொடி பிந்திப்போச்சு, வெண்டல். ராணுவத்துல இருந்தப்ப, பனாமாச் சண்டையில இதே பிடியால நான் மூணு பேரச் சாய்ச்சேன். பிடியில தப்பில்ல."

"ஆமாம், மாஸ்டர்," என்றான் வெண்டல்.

ஆமாமாம்.

அக்டோபரில் ஒரு ஞாயிறு மத்தியானம் பெட்ரோல் நிலையக் கடையில் நடந்தது அது. காசாளர் பெண்ணிடம் ஒருவன் கத்தியைக் காட்டியிருக்கிறான். எல்லாரும் பின்வாங்க, பன்னிரண்டு வருடம் ஸ்ட்ரௌட்டிடம் தற்காப்புக் கலை படித்த என் தம்பி மட்டும் முன்னே போனான். வெறுங்கையால் கத்தியைப் பறிக்கும் பிடி. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை கிழிந்தது. இரண்டு அறுவை சிகிச்சை. விரல்கள் இன்னும் மடங்கவில்லை. அவன் முடிதிருத்துகிறவன். கத்தரிக்கோல் பிடிக்கிற கை அது. கடை பூட்டிக் கிடக்கிறது.

இரவு சாப்பாட்டில் அவனுக்கு இறைச்சியை நறுக்கிக் கொடுத்தேன். "மாஸ்டர் சொல்றது சரிதான், லோர்னா. என் கால்தான்," என்றான்.

அந்த ஆள் வாயாலேயே சொல்ல வேண்டும். அந்தப் பிடி பொய் என்று. வெண்டல் கேட்க வேண்டும். அது நடக்கும்வரை எனக்கு வேறு வேலை இல்லை.

பிப்ரவரி 14

ராணுவத்தில் இருந்த யாருடைய பணி விவரத்தையும் செயின்ட் லூயிஸில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேட்கலாமாம். ஸ்ட்ரௌட்டைப் பற்றி எழுதிப் போட்டேன். காதலர் தினத்தன்று நான் அனுப்பிய ஒரே கடிதம்.

பிப்ரவரி 26

வெண்டலின் அறைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்குகிறது அவனுடைய கறுப்புப் பட்டைச் சான்றிதழ். முழுக்கக் கொரிய எழுத்து, சிவப்பு முத்திரை. போனில் படம் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பல் பதிக்க வந்திருந்த, கொரியாக்காரரான மளிகைக்கடை யுன் அம்மாவிடம் காட்டினேன். மரத்துப்போன வாயோடு நெடுநேரம் படித்தார்.

"இது யாரோடது?"

"என் தம்பியோடது."

"இல்லியே. பாக் ஜுன்ஹோன்னு ஒரு பையனோடது. நீச்சல் பள்ளி, நாலாம் நிலை. இருபத்தஞ்சு மீட்டர் நிக்காம நீந்தியிருக்கான். பாராட்டுகள்னு போட்டிருக்கு."

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கீழே ஆங்கிலத்தில் தட்டச்சுப் பண்ணியிருப்பது மட்டும்தான் வெண்டலின் பெயர். இந்த ஊரில் இன்னும் எத்தனை வீட்டுச் சுவரில் அந்தப் பையன் நீந்திக்கொண்டிருக்கிறானோ.

மார்ச் 9. சனி

முன்னாள் படைவீரர் மன்றத்துக்குப் போனேன். தலைவர் ஓடிஸ் கிம்ப்ரல். வியட்நாமில் இருந்தவர், எழுபது தொடப்போகிறார். நான் சொல்லி முடிக்கும்வரை காப்பிக் கோப்பையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"அந்த ஆள் ஒவ்வொரு வருஷமும் ஊர்வலத்துல எங்க பக்கத்துல நடக்கறான். மெடல் எல்லாம் தப்பான வரிசையில குத்தியிருப்பான். ஞாபகப்பிசகுன்னு விட்டுட்டேன். காகிதம் வரட்டும்மா. காகிதம் இல்லாம ஒருத்தன் மானத்துல கைவைக்கக் கூடாது."

ஏப்ரல் 2

பதில் இல்லை. தபால்காரர் என்னைக் கண்டாலே இல்லையென்று தலையாட்டுகிறார்.

ஏப்ரல் 23. செவ்வாய்

வந்துவிட்டது.

ஸ்ட்ரௌட், ரோலண்ட் டி. பணிக்காலம் பதினான்கு மாதம். கான்சாஸில் ஒரு முகாம். பிரிவு — சலவையும் குளியலும். வெளிநாட்டுப் பணி: இல்லை. வான்குடைப் பயிற்சி: இல்லை. சிறப்புப் படைப் பயிற்சி: இல்லை. பதக்கம்: எல்லாருக்கும் கொடுக்கும் ஒரே ஒரு ரிப்பன். பனாமாச் சண்டை நடப்பதற்கு ஏழு வருடம் முன்பே வீட்டுக்கு வந்துவிட்டான்.

காரிலேயே உட்கார்ந்து நான்கு முறை படித்தேன். பசித்தவள் சாப்பிடுவதுபோல.

ஓடிஸ் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வாசித்தார். "துணி துவைக்கிறது கேவலம் இல்லம்மா. எனக்கும் ஒருத்தன் துவைச்சுக் குடுத்தான். அங்க காய்ஞ்ச காலுறை கிடைச்சா அது சொர்க்கம். இவன் அதைச் சொல்லியிருந்தா நானே கை குலுக்கியிருப்பேன்."

ஜூன் பதினைந்தாம் தேதி ஸ்ட்ரௌட்டின் பள்ளிக்கு இருபதாம் ஆண்டு விழா. அங்கேதான். அதுவரை மூச்சுவிடக் கூடாது.

மே 6

நோயாளிப் பட்டியலில் இரண்டரை மணிக்கு ஸ்ட்ரௌட்டின் பெயர். வேறு யாரிடமாவது மாற்றிவிட்டிருக்கலாம். மாற்றவில்லை.

நாற்காலியைச் சாய்த்தேன். வாயைத் திறந்து படுத்துக் கிடந்தான். கீழ்வரிசையில் காரை தடியாகப் படிந்திருக்கிறது. ஈறு எங்கே தொட்டாலும் ரத்தம்.

"பனாமாவில பல் டாக்டர் இருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"ம்ம்ஹா," என்றான், உறிஞ்சுகுழாய் வாயில் இருக்க. எடுத்தேன். "காட்டுக்குள்ள ஏது டாக்டர்? நானே கொறட்டால ஒருத்தனுக்குப் பிடுங்கியிருக்கேன்."

மறுபடி குழாயை வைத்தேன். என் கையில் காரை சுரண்டும் கூர்க்கொக்கி. அவன் கழுத்து நரம்பு துடிப்பது தெரிந்தது. நினைத்தேன் — என்ன நினைத்தேன் என்று எழுதவேண்டாம். ஒரு பல் விடாமல், அவன் வாழ்நாளில் காணாத சுத்தமாகச் செய்து அனுப்பினேன். போகும்போது, "உன் கை பஞ்சு மாதிரி," என்றான்.

இரு. இன்னும் நாற்பது நாள்.

மே 12. ஞாயிறு

கெடுத்துவிட்டேன்.

வெண்டல் ஆண்டு விழாவுக்குத் தயாராகிறானாம். மேடையில் அவனை "வீரன்" என்று அறிமுகப்படுத்தப் போகிறானாம் ஸ்ட்ரௌட். இடது கையால் பட்டையைக் கட்டப் பழகிக்கொண்டிருந்தான். முடிச்சு வரவே இல்லை. பார்த்துக்கொண்டே நின்றவள்... வாயை மூட முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். சலவைப் பிரிவு, கான்சாஸ், நீச்சல் பையன், எல்லாம்.

"நீ எப்பவுமே அவர வெறுத்த," என்றான்.

"காகிதத்தப் படிடா."

"படிச்சு? பன்னெண்டு வருஷம், லோர்னா. அப்பா செத்தப்ப என்னை எழுப்பி நிக்க வெச்சது அந்த இடம். அது நீச்சல் சர்டிபிகேட்டா? அப்ப நான் யாரு? கோமாளியா?"

"உன் கால் பிந்தலைன்னுதான் சொல்றேன்."

"என் கால் பிந்துனா திருத்திக்கலாம். பிடியே பொய்யின்னா நான் சும்மா கத்தியில கைய வெச்சிருக்கேன். அதத்தானே சொல்ற?"

அவன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். ஓங்கிக்கூடச் சாத்தவில்லை.

மே 13

நான் யாருக்காக இதைச் செய்கிறேன்?

மே 30

பதினெட்டு நாளாகப் பேச்சில்லை. "உப்பு", "போன் வந்தது", அவ்வளவுதான். அவன் சுவரில் சட்டம் இருந்த இடம் வெளிறித் தெரிகிறது. கழற்றி எங்கே வைத்தான் என்று கேட்கவில்லை. ஸ்ட்ரௌட்டிடம் போய்ச் சொல்லிவிட்டானோ என்ற பயம் தினமும்.

சொன்னாலும் நிறுத்தமாட்டேன்.

ஜூன் 15. சனி

இன்றே எழுதவேண்டும்.

பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் இருநூறு பேர். ஸ்ட்ரௌட்டின் வெள்ளைச் சீருடைக்கு மேல் பதக்கங்கள், தலையில் பச்சைத் தொப்பி. முன்வரிசையில் ஓடிஸும் மன்றத்து ஆட்கள் இருவரும். பனாமாக் கதை தொடங்கியதும் ஓடிஸ் எழுந்தார்.

"ஒரு கேள்வி. உங்க சார்ஜன்ட் பேரு என்ன?"

"அதெல்லாம் ரகசியம், அய்யா."

"என் சார்ஜன்ட் பேரு நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சும் என் கனவுல வருது. அதுல ரகசியம் ஒண்ணுமில்ல."

அப்போது நான் எழுந்து காகிதத்தை வாசித்தேன். குரல் உடையவில்லை. சலவையும் குளியலும் என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள். ஆனால் பாதிப்பேர் என் மேல்தான் கோபப்பட்டார்கள். "குழந்தைங்க முன்னாடி ஏம்மா இப்படி?" என்றாள் ஒரு தாய். ஸ்ட்ரௌட் கையை உயர்த்தி அமைதிப்படுத்தினான். பாதிரியார் மாதிரி முகம். "இவங்க வேதனை எனக்குப் புரியுது. இவங்க தம்பிக்குக் கால் பிந்திப்போச்சு. துக்கம் யாரையாவது தேடும்."

கைதட்டினார்கள். கைதட்டினார்கள்!

கடைசி வரிசையிலிருந்து வெண்டல் வந்தான். அவன் வந்திருப்பதே எனக்குத் தெரியாது. சாதாரணச் சட்டை, பட்டை இல்லை. மதிப்பெண் குறிக்கும் மேசையிலிருந்து ஒரு சிவப்பு மார்க்கர் பேனாவை எடுத்து மூடியைப் பல்லால் கழற்றினான்.

"மாஸ்டர். ஒரு தடவ பண்ணிக் காட்டுங்க. இதுதான் கத்தி."

"உன் கை இருக்கற நிலையில—"

"இடது கையாலதான் வரேன்."

மறுக்க முடியவில்லை ஸ்ட்ரௌட்டால். இருநூறு பேர் பார்க்கிறார்கள். முதல் முறை ஸ்ட்ரௌட்டின் முன்கையில் நீளமாகச் சிவப்புக் கோடு விழுந்தது. "நீ சரியா வரல, மறுபடி," என்றான் ஸ்ட்ரௌட். இரண்டாம் முறை வயிற்றின் குறுக்கே. மூன்றாம் முறை காதுக்குக் கீழே, கழுத்தில். தொப்பி விழுந்தது. வெண்டல் அடிக்கவில்லை, கத்தவில்லை. கத்தரிக்கோல் பிடிக்கிறவனின் அளவான கை அது.

பேனாவை மூடினான். "உங்க கால் எங்கயும் பிந்தல, மாஸ்டர். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

ஸ்ட்ரௌட் கழுத்தைத் துடைக்க, சிவப்பு இன்னும் பரவியது. வெண்டலிடம் குனிந்து ஏதோ முணுமுணுத்தான்.

என்ன சொன்னான் என்று காரில் கேட்டேன். வெண்டல் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னான்: "அந்தப் பிடிய நிஜச் சண்டையில யார் மேலயும் பண்ணிப் பாத்ததில்லையாம். ஏதோ பத்திரிகையில படம் பாத்தாராம்."

ஊரே கேட்கவேண்டும் என்று நினைத்தேன். கேட்கவேண்டியவன் கேட்டுவிட்டான்.

ஜூன் 16

சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன். காலையில் எழுந்ததும் அந்தக் கழுத்துக் கோடுதான் நினைவுக்கு வந்தது.

ஜூலை 8

பள்ளியின் பெயர்ப்பலகையை இறக்கிவிட்டார்கள். மாணவர்களில் பலர் சான்றிதழ்களை யுன் அம்மா கடைக்கே எடுத்துக்கொண்டு போகிறார்களாம். எல்லாம் அதே பையன்தான்.

எனக்குப் போதவில்லை. வேலை முடிந்து ஸ்ட்ரௌட்டின் வீட்டுத் தெருவழியாகவே காரில் வருகிறேன், மூன்று வாரமாக. இன்று அவன் மனைவி காரல் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து நேராக நடந்து வந்தாள்.

"இன்னும் என்ன வேணும் உனக்கு?"

கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 21. சனி

ஸ்ட்ரௌட் கென்டக்கியில் இருக்கிறான் என்று ஓடிஸ் சொன்னார். ஒரு சிறுவர் மன்றத்தில் வகுப்பு எடுக்கிறானாம். விளம்பரத்தில் பனாமா இல்லை. இப்போது "இருபது ஆண்டுகள் காவல்துறைப் பயிற்சியாளர்".

காலை உணவு மேசையிலேயே அந்தச் சிறுவர் மன்றத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். காகிதத்தின் நகல், புகைப்படம், எல்லாவற்றையும் பரப்பி. முதல் வரியிலேயே "அயோக்கியன்" என்று வந்தது. வெண்டல் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான்.

"இதப் படிச்சா உன்னைத்தான் பைத்தியம்னு நினைப்பாங்க."

விளம்பரத்தை எடுத்துக்கொண்டு போனைத் தோளில் இடுக்கினான். இடது கட்டைவிரலால் எண்களை அழுத்தினான். நான் பாத்திரங்களைக் கழுவப் போனேன். தண்ணீரைத் திறக்கவில்லை.

"வணக்கம். என் பேரு வெண்டல் பிரூவிட். உங்க புது வாத்தியார்கிட்ட பன்னெண்டு வருஷம் படிச்சவன்... இல்லீங்க, சண்டைக்கு இல்ல. நல்லாத்தான் சொல்லிக்குடுப்பார். உதைக்கிறது, விழறது, எல்லாம் பசங்களுக்கு நல்லது. ஆனா கத்தியப் பிடுங்கற பாடம்னு ஒண்ணு ஆரம்பிப்பார். அன்னிக்கு மட்டும் பசங்கள வீட்டுக்கு அனுப்பிடுங்க. ஏன்னு கேக்கறீங்களா? ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குமா உங்களுக்கு?"