மச்சான் பிடித்திருந்த படகு

மார்ச் 9
கட்டுப் போட்டு ஐந்து நாள். வலது மணிக்கட்டு. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனுக்கு உடைவதற்கு இதைவிட வாகான இடம் கிடைக்குமா? கடுகளவு திருகாணியை இடது கையால் முடுக்கப் பார்த்தேன். மூன்று முறை கீழே விழுந்தது. கண்ணாடி சரிசெய்ய வந்த ஒரு அம்மாவே குனிந்து தேடி எடுத்துக் கொடுத்தார். மானம் போயிற்று.

மார்ச் 11
நடந்ததை எழுதி வைக்கிறேன். நாளைக்கு எனக்கே சந்தேகம் வந்துவிடக் கூடாது.

எங்கள் ஆற்றுத் துறையில் படி இல்லை, மேடை இல்லை. நாணலுக்கு நடுவே ஒரு சேற்றுச் சரிவு, அவ்வளவுதான். கயாக் படகைத் தோளில் சுமந்து இறக்கி, அதன் மூக்கு ஓட்டத்துக்கு எதிராக இருக்கும்படி கரையை ஒட்டி வைக்க வேண்டும். ஒருவர் முழங்காலளவுத் தண்ணீரில் நின்று பிடித்துக்கொள்வார், மற்றவர் ஏறுவார். ஆறு வருடமாக மனைவியின் தம்பி பிடிப்பான், நான் முதலில் ஏறுவேன். அன்று எனக்கு ஒரு கால் படகில், ஒரு கால் சேற்றில். மச்சானின் போன் அடித்தது. "சொல்லுங்க சார்" என்றது காதில் விழுந்தது. அடுத்து நான் கல்லின் மேல் கிடந்தேன்.

மார்ச் 15
மச்சான் எல்லோரிடமும் சொல்லும் கதை: "மாமா மூக்க ஓட்டத்தோட திருப்பி வச்சுட்டாரு. நான் என்ன பண்ண முடியும்?" ஆறு வருடம் படகு இறக்கியவன் மூக்கைத் தப்பாக வைத்தேனாம். வாய் கூசாமல் சொல்கிறான்.

மார்ச் 16
இவளும் தம்பி பக்கம்தான். "அவன் என்ன வேணும்னா விட்டான்? பெரியவங்க, நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்."

வேணும்னு விட்டான்னு நான் சொன்னேனா? கைய எடுத்தேன்னு ஒத்துக்கிட்டா போதும். ஒரே ஒரு வார்த்தை — அதுக்கு வக்கில்லையா அவனுக்கு?

மார்ச் 23
ஆப்பிளோடு வந்தான். வெயிலைப் பற்றிப் பேசினான், அக்காவிடம் சிரித்தான். "கை எப்படி மாமா?" என்றான். இருக்கிறது என்றேன்.

ஏப்ரல் 2
போன் கூட இல்லை.

ஏப்ரல் 19
கட்டைப் பிரித்தார்கள். "இந்த வருஷம் படக மறந்துடுங்க" என்றார் டாக்டர்.

ஏப்ரல் 26
மச்சானின் துடுப்பு ஒன்று வீட்டில் கிடந்தது. அதைக் கொடுக்கும் சாக்கில் துறைக்குப் போனேன். இன்றாவது சொல்வானா என்ற நப்பாசைதான், வேறென்ன.

சரிவின் மேலேயே நின்றுவிட்டேன். கீழே என் இடத்தில் ஏறப்போனவர் அவனுடைய மேனேஜர். மச்சான் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் படகை இறுக்கிப் பிடித்திருந்தான்.

"பயப்படாம ஏறுங்க சார். என் போனை வண்டியிலயே வச்சுட்டேன். போன தடவ அத எடுக்கப் போய் கைய விட்டுட்டேன், எங்க மாமா விழுந்துட்டாரு."

இவ்வளவு சுலபமாகச் சொல்கிறான். யாரோ ஒருவரிடம்.

துடுப்பை அவன் வண்டியின் மேல் வைத்துவிட்டு வந்தேன். "தம்பியப் பாத்தீங்களா?" என்று இவள் கேட்டாள். இல்லை என்றேன்.