குளிக்காமல் இருந்த வெள்ளிக்கிழமை

ஜூன் 3, செவ்வாய்

இன்று முதல் ஊசி. மதினியின் வயிற்றில் நான்தான் போட்டேன்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரே தடவைதான் சொல்லிக் கொடுத்தார். தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்து, பென்சிலைப் பிடிப்பது போல் பிடித்துக் குத்த வேண்டும். தெருமுனை கிளினிக்கிலும் போட்டுக்கொள்ளலாம். அங்கே போனால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும் என்று மதினி ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணனுக்கோ ஊசியைப் பார்த்ததுமே நெற்றி வேர்த்துவிட்டது.

"ஏட்டி செல்வி, தறியில அறுந்த நூல முடிச்சுப் போடுத கையி. நடுங்காது. குத்து" என்றாள் மதினி.

நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஜூன் 7, சனி

அண்ணனுக்கும் மதினிக்கும் கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தைக்காக வைத்தியம் பார்ப்பது எங்கள் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும். தெருவில் கேட்டால் தைராய்டு என்று சொல்ல வேண்டும். என்னை யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் நான் வாய் திறக்க மாட்டேன் என்று தெருவுக்கே தெரியும்.

மருந்து மதினியை அழ வைக்கிறது. இன்று குழம்பில் உப்பு கூடியதற்கு அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் உரிக்க ஆரம்பித்தாள்.

அம்மா இறந்த வருஷம் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. சொந்தக்காரர்கள் எல்லாரும் திட்டினார்கள். மதினி மட்டும், "எங்கூட இரு. வாசிக்கணும்னு தோணுனா வீட்ல வச்சு வாசி" என்றாள். இந்தப் பதினேழு வயது வரை அவளுக்கு நான் ஒன்றும் செய்ததில்லை. இப்போது ஊசியாவது போடுகிறேன்.

ஜூன் 14, சனி

கருமுட்டை எடுத்தார்கள். பதினொன்று. திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் சங்கரன்கோவில் வரை மதினியின் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டே வந்தான்.

ஜூன் 19, வியாழன்

இரண்டு கருவை உள்ளே வைத்தாயிற்று. மீதி இரண்டை உறைய வைத்திருக்கிறார்களாம். ஜூலை இரண்டாம் தேதி ரத்தப் பரிசோதனை. அன்றைக்குத்தான் தங்கியதா இல்லையா என்று தெரியும்.

சாதாரணமாக நடமாடலாம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். மதினி கேட்கவில்லை. கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள்.

"இது தங்கலன்னா இன்னொரு தடவ என்னால ஆகாது. சொல்லிட்டேன்."

ஜூன் 20, வெள்ளி

என் நாக்கை அறுத்துப் போடலாம்.

பாத்ரூம் தரை வழுக்கிவிடும் என்று பயந்து மதினி இன்று குளிக்கவில்லை. ஒன்பது மணிக்கு எதிர்வீட்டுக் கோமதியம்மாள் அத்தை வாசலில் வந்து நின்றார். வெள்ளிக்கிழமைகளில் இரண்டு பேரும் சேர்ந்துதான் கோயிலுக்குப் போவார்கள்.

"எங்கட்டி ஒங்க மதினி? நேரமாச்சுல்லா?"

தலைவலி என்று சொல்லியிருக்கலாம். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது இதுதான்:

"மதினி குளிக்காம இருக்காவ, அத்தை."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு என் கன்னத்தைக் கிள்ளினார். "ஊமக் கோட்டான்னு நெனச்சேன். நல்ல சேதிக்குத்தாம்ட்டி வாயத் தெறந்திருக்க!"

அவர் தெருவில் பாதி தூரம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஊரில் ஒருத்தி குளிக்காமல் இருக்கிறாள் என்றால் மாதக் குளியல் நின்றுவிட்டது, உண்டாகியிருக்கிறாள் என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் —

மத்தியானத்துக்குள் நாலு வீட்டிலிருந்து மாங்காய் வந்துவிட்டது. ஒரு கிண்ணம் சீனி. ஒரு பந்து பிச்சிப்பூ. "என்னட்டி இதெல்லாம்?" என்று மதினி கட்டிலில் இருந்தே கேட்டாள். சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வருசம் பூரா வாயத் தெறக்காதவ இன்னைக்கு எதுக்குத் தெறந்தேன்? ரெண்டாந்தேதி இல்லன்னு வந்துட்டா மதினி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வெளிய வருவாவ?

ஜூன் 21, சனி

மதினி இன்னும் சுவர்ப் பக்கமே திரும்பிப் படுத்திருக்கிறாள். மாங்காய் வந்த பையிலேயே கிடக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

போனேன். நானேதான் போனேன்.

எங்கள் படியில் இருந்து அத்தை வீட்டுப் படி வரை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அத்தைக்குப் பக்கத்து வீட்டு அலிமா பீவி அக்காவும் அங்கே இருந்தார். திரும்பிவிடலாமா என்று இருந்தது. தரையைப் பார்த்தே ஆரம்பித்தேன்.

"அத்தை, நான் சொன்னது அது இல்ல. நெசமாவே குளிக்கல. தண்ணி ஊத்திக் குளிக்கல."

"என்னட்டி ஒளறுத?"

பிறகு நிறுத்த முடியவில்லை. தைராய்டு இல்லை என்றேன். ஊசி, முட்டை, உள்ளே இருக்கிற இரண்டு, உறைய வைத்த இரண்டு, ரெண்டாம் தேதி — எல்லாம் சொன்னேன். அதுவரைக்கும் மதினியிடம் யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது என்றும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் ஆறு வீட்ல சொல்லிட்டனட்டி!"

"நாலு வீட்ல இருந்துதான மாங்கா வந்துச்சு?"

"மத்த ரெண்டும் கஞ்சப் பிசினாறி."

அலிமா அக்கா சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்: "எங்க ஆரிப்பு பொறக்கதுக்கு முன்னால ஆறு வருசம் நானும் மதுரைக்கு அலஞ்சேன். பல்லு வலின்னு சொல்லிட்டுப் போவேன். ஒரு பல்லுக்கா ஆறு வருசம்னு ஒருத்தியும் கேக்கல, பாத்துக்கோ."

கோமதியம்மாள் அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷம் பக்கத்து வீடு. அவருக்கும் இது தெரியாது.

சாயங்காலம் அலிமா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து மதினியின் கட்டிலில் உட்கார்ந்தார். கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதலில் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு மதினி சிரிப்பது கேட்டது. பல்லுக் கதையாகத்தான் இருக்கும்.

அவர் போன பின் மதினி எழுந்து வந்தாள். என்னைப் பாத்ரூம் வாசலில் நிற்கச் சொல்லிவிட்டுக் குளித்தாள். உள்ளே இருந்தே சத்தம் போட்டாள்: "ஏட்டி, அந்த மாங்காய வெட்டி உப்புல போடு. அழுகிப் போயிரும்."

ஜூன் 27, வெள்ளி

யாரும் கேட்கவில்லை. கோமதியம்மாள் அத்தை தினமும் வந்து மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகிறார். பெய்யாத மழையைப் பற்றி எவ்வளவுதான் பேசுவார், பாவம்.

ஜூலை 2, புதன்

இல்லை.

ஜூலை 4, வெள்ளி

நேற்று அத்தை வந்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. சோறு பொங்கினார், பாத்திரம் தேய்த்தார். போகும்போது, "ரெண்டு பேரும் தின்னுதாளுவளான்னு பாருலே பேச்சிராஜு" என்று அண்ணனிடம் மட்டும் சொன்னார். மாங்காய் தந்த வீடுகளுக்கும் அவரே போய்ச் சொல்லியிருக்கிறார். மதினி யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்று தலை சீவிவிடும்போது மதினி சொன்னாள்: "ஒருத்திக்கும் தெரியலன்னா நான் நேத்து தெருக்குழாய்ல சிரிச்சிக்கிட்டே தண்ணி பிடிச்சிருக்கணும். தைராய்டுக்கு யாராவது அழுவாவளா?"

நான் செய்தது தப்புதான். அந்தத் தப்பு இந்தத் தெருவில் நடந்ததே, அதற்கு நன்றி சொல்கிறேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மதினி தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். உறைய வைத்த இரண்டையும் பற்றிக் கேட்டாள். போனை வைத்துவிட்டு, "ஊசி போடுதியாட்டி?" என்றாள்.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று இரண்டாம் தடவை கரு வைத்தார்கள். பதினான்கு நாள் கழித்துத்தான் தெரியும். ஆனால் எழுத வேண்டியது காலையில் பஸ்ஸில் நடந்தது.

அண்ணன் முன்னால் நின்றுகொண்டிருந்தான். எங்கள் சீட்டில் ராயகிரியில் இருந்து வந்த ஒரு அம்மா இருந்தார். எங்கே போறீங்க என்று கேட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பிள்ளைக்கு வைத்தியம் பாக்கப் போறோம்" என்றாள் மதினி.

அவர் என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ளைக்கா? நல்லாத்தான இருக்கா?"

"இவளுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்கா. நான் சொல்லுதது இனிமே வரப்போற பிள்ள" என்று மதினி சிரித்தாள். "ஒரு தடவ வச்சுத் தங்கல. இன்னைக்கு மறுபடியும் வைக்காவ."

அந்த அம்மா நெருங்கி உட்கார்ந்து, தன் மகளுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் என்றார். ஊசி ரொம்ப வலிக்குமா என்று கேட்டார். மதினி போனை எடுத்து ஆஸ்பத்திரி நம்பரைக் கொடுத்தாள். ஊசியில் இருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். அழுததையும் சொன்னாள், அலிமா அக்காவின் பல்லையும் சொன்னாள். மகளிடம் தன்னைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னாள்.

இறங்கும் இடம் வந்ததுகூட இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கண்டக்டர் விசில் ஊதப் போனார்.

"அண்ணாச்சி, நிறுத்துங்க! ஆளு எறங்கணும்!" என்று நான்தான் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன்.