சப்பாத்திக்கள்ளிக்கு அம்மை போட்ட வருஷம்

என்னைத் திட்டித் திட்டியே வளர்த்த அக்காவுக்கு,

உன் எதிரி செத்துப்போய்விட்டது. நம் மேட்டுக்காட்டில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த சப்பாத்திக்கள்ளியைத்தான் சொல்கிறேன். நீயும் வெட்டினாய், எரித்தாய். வெட்டிப் போட்ட மடலெல்லாம் மறுபடி வேர்விட்டது. "நான் போறதுக்குள்ள இதை ஒழிச்சு இங்க கடலை போடோணும் சாமி" என்பாய். அது ஒழிந்த நேரத்தில் நீ இல்லை. அப்படி என்ன அவசரம் உனக்கு?

எப்படிச் செத்தது தெரியுமா? மடல்களில் பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாகப் படர்ந்தது. தேய்த்துப் பார்த்தால் விரலெல்லாம் ரத்தச் சிவப்பு. கள்ளிக்கு அம்மை போட்டிருக்கிறது என்று ஊரே சொல்லிவிட்டது. வேப்பிலை செருகி மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். உன் மகள் பாவாயி, அம்மாவின் வசவுதான் பலித்துவிட்டதோ என்று பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு விவசாய இலாகாக்காரர் ஒருவர் வந்து, கள்ளியைத் தின்பதற்கென்றே கொண்டுவந்து விட்ட பூச்சி அது என்றார். எனக்குச் சிரிப்புத் தாளவில்லை. உன் எதிரிக்கு நாங்களே வைத்தியம் பார்த்திருக்கிறோம்.

ஒன்றுதான் இன்னும் விளங்கவில்லை. பக்கத்திலேயே நின்ற திருகுகள்ளியை அந்தப் பூச்சி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டும் கள்ளிதானே, எப்படிப் பிரித்து அறிந்தது?

காட்டைத் திருத்தி, நீ ஆசைப்பட்டபடியே கடலை போட்டோம். செடி தளதளவென்று வந்தது. பிடுங்கப் போனால் பாதிச் செடியில் காயே இல்லை, எல்லாம் எலி. பாவாயிக்கும் அவள் பிள்ளைகளுக்கும் அந்தக் கடலைதான் வருஷத்துச் சோறு. முன்பெல்லாம் இத்தனை எலி ஏன் இல்லை என்று வரப்பில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டேன். அவள்தான் சொன்னாள்.

"கீரியும் சாரையும் கள்ளிக்குள்ளதானுங்க மாமா குடியிருந்துச்சு. ஊட்டை அழிச்சுப்போட்டா அதுக எங்க போகும்?"

கவுதாரிச் சத்தமும் நின்றுபோயிற்று. விடிகாலையில் அது இல்லாமல் காடு என்னவோபோல் இருக்கிறது. நீ போனபோது அழாதவன், அதற்காக ஒரு நாள் அழுதேன். இரண்டும் ஒரே அழுகைதானோ என்னவோ.

போன வாரம் பாறை இடுக்கில் ஒரே ஒரு கள்ளிப் புதர் பச்சையாக நிற்பதைப் பார்த்தோம். பூச்சி அதை எப்படித் தவறவிட்டது? பாவாயி அரிவாளை ஓங்கினாள். அடியிலிருந்து ஒரு கவுதாரி குஞ்சுகளோடு ஓடியது. ஓங்கிய கையை அவள் இறக்கிவிட்டாள். "அம்மா இருந்தா என்னுங்க மாமா சொல்லும்?" என்று கேட்டாள். என்ன சொல்வாய் அக்கா?

காட்டைச் சுற்றி வேலிக்குக் கிளுவை மரத்துப் போத்துகளை வெட்டி நட்டிருக்கிறேன். தளிர் விட்டிருக்கின்றன. கீரியும் கவுதாரியும் அண்டுகிற அளவுக்கு அந்த வேலி அடர்ந்ததும், உன் அரிவாளாலேயே கடைசிக் கள்ளியை வெட்டுவேன். இது சத்தியம். அதுவரைக்கும் உன் எதிரிக்கு உன் காட்டில் ஓர் இடம் கொடு.

உன் பேச்சை முதல்முறையாக மீறுகிற
உன் உடன்பிறந்தான்