மூன்றாவது பாட்டு திக்கும் இடம்

தோ பாயோ வீட்டிலிருந்து

அன்பு மகன் அருண்ராஜுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அப்பாவின் முட்டி வலியும் எங்களோடு நலமாகவே இருக்கிறது. மெல்பர்ன் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகிறாயா. ஒரு விஷயம் சொல்ல வேண்டும், போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து விளக்கம் கொடுப்பாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது பின்னால் பாட்டு ஓடியது. நீ கேட்டுவிட்டு, பாத்தீங்களாம்மா, நான் அனுப்புன பிளேயர்ல சவுண்டு எவ்வளவு கிளியர் லா, அந்தப் பழைய டப்பாவுல இப்படி வருமா என்றாய். தம்பி, பாடியது அந்தப் பழைய சிடி பிளேயர்தான். அதன் மேல் உட்கார்ந்திருந்த உன்னுடையதில் விளக்கு மட்டும் எரிந்தது. அப்பா சிரிப்பை அடக்க இட்லியை வாயில் திணித்துக்கொண்டார், நானும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். நல்லவேளை, மூன்றாவது பாட்டு வருவதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து எனக்கு உறுத்தல். ஆசையாக அனுப்பினாய், நாங்கள் பெட்டியைப் பிரித்து பிளக்கில் மாட்டியதோடு சரி. தீபாவளிக்கு வரும்போது தெரிந்தால் உன் மனசு கஷ்டப்படுமே என்று பயம்.

அதனால் நேற்று பொங்கோலிலிருந்து உன் சித்தி மகள் பவித்ராவை வரச்சொல்லி ஒழுங்காக இணைத்தோம். தேக்கா கடைத்தெருவில் நாம் வாங்கிய சிடியில் உள்ள அதே பாட்டுகளை இன்டர்நெட்டில் தேடிப் போட்டாள். சத்தியமாக அசந்துபோனேன், பாடுபவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது, என்னவோ நம் சோபாவில் உட்கார்ந்து பாடுவது மாதிரி. பிறகு மூன்றாவது பாட்டு வந்தது. ஆறு வயதில் நீ அந்த சிடியைத் தரையில் சக்கரம் மாதிரி உருட்டிக் கீறினாயே, அதிலிருந்து நம் வீட்டில் அந்தப் பாட்டு ஒரு இடத்தில் திக்கி நின்று, ஒரு வரியை விட்டுத் தாவும். அது நிற்கும் நேரத்தில் அப்பா அதே மெட்டில், அருணு சாப்பிட வாடா என்று பாடுவார், நீயும் ஓடி வருவாய். நீ மெல்பர்னுக்குப் போன பிறகும் பாடுகிறார், உன்னிடம் சொன்னதில்லை. உன் பிளேயரில் அந்த வரி முழுதாக வந்தது, நல்ல வரிதான். அப்பா வழக்கம்போல வாயைத் திறந்தார், பாட இடமில்லை, மூடிக்கொண்டார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. பவித்ரா கிளம்பியதும் பழையதைப் போட்டு ஒருமுறை பாடிய பிறகுதான் காப்பி குடித்தார்.

ஆகவே இரண்டும் இருக்கட்டும் தம்பி. சாயங்காலம் உன்னுடையதில் கேட்கிறோம், இனி பொய் கிடையாது. காலை இட்லிக்குப் பழையதுதான், அதைத் தூக்கிப் போடச் சொல்லாதே. பழைய சாமான் எடுப்பவர் கீழே ஹார்ன் அடித்தாலே அப்பா கதவைச் சாத்திவிடுகிறார்.

நோய்நொடி இல்லாமல் சந்தோஷமாக இரு, எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. வேளைக்குச் சாப்பிடு. தீபாவளியன்று காலையில் அந்த சிடியைத்தான் போடுவோம். மூன்றாவது பாட்டு திக்கி நின்றதும், எந்த அறையில் இருந்தாலும் எழுந்து வந்துவிடு.

உன் அம்மா
நாகம்மா